மூங்கில் கழியில் இடுப்புப் பட்டை

எங்கள் வீட்டில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது. இன்று பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்தில்கூட வந்துவிட்ட வெல்க்ரோதான் அது. ஒரு பக்கம் சொரசொரவென்று குட்டிக் கொக்கிகள், மறுபக்கம் மெத்தென்ற நூல் வளையங்கள். இரண்டையும் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ‘கர்ர்’ என்று கத்தும். அறுபதுகளின் கடைசியில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அப்படியொரு பொருள் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்பினேன். அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே பெரிய கஷ்டம்.

அது அப்பாவின் இடுப்புப் பட்டையில் இருந்தது. அப்பா வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சரக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் அடுக்கிவைத்த பெட்டிகள் சரிந்து முதுகில் விழுந்தன. ஒன்றுமில்லை என்று மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு குனிந்தால் நிமிர முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்திருப்பார். அதைப் பார்த்துவிட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தான் முன்பு போட்டுக்கொண்டிருந்த பட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். விலா எலும்பிலிருந்து இடுப்புவரை சுற்றிக்கொள்ளும் அகலமான பட்டை. பிஸ்கட் நிறம். முதுகுப் பக்கம் நான்கு எஃகுத் தகடுகள், முன்பக்கம் அந்தக் கர்ர்.

பட்டாளம் சிங்கப்பூரைவிட்டுப் போகப்போகிறது, கிடங்குகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் கோளாறு உள்ளவனின் பெயர்தான் முதலில் போகும். ஆகவே அப்பா பனியனுக்கு அடியில் பட்டையை இறுக்கிக்கொண்டு, மேலே தொளதொளவென்று ஒரு சட்டையையும் மாட்டிக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி இருப்பவராக நடித்துவிட்டு வருவார். இந்த விவரமெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அம்மா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

“அப்பா இதப் போடறது வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வாயத் திறந்த, தோல உரிச்சிடுவேன்.”

அதிசயப் பொருளாயிற்றே, கண் பட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நான் வாய் திறக்கவே இல்லை. கடைசிவரை திறக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

இருந்தது ஒரே ஒரு பட்டை. அதனால் அப்பாவுக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் அதைத் துவைக்க முடியும். அம்மா அதைத் துவைப்பது சாமி பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கும். முதலில் எஃகுத் தகடுகளை உருவி, வரிசை மாறாமல் அலமாரிமேல் வைப்பாள். கொக்கிகளில் சிக்கிய நூலையும் முடியையும் ஊக்கு முனையால் நிமிண்டி எடுப்பாள். பிறகு கொக்கிப் பக்கத்தையும் மெத்துப் பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். முதல்முறை அப்படிச் செய்யாமல் விட்டதில் பட்டை அவளுடைய நைலான் சேலையைக் கவ்விக்கொண்டு, பிரித்தபோது முந்தானையில் பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டது. சுடுதண்ணீர் கூடாது, பிரஷ் கூடாது, கஞ்சி கூடாது, பிழியவும் கூடாது. துண்டில் சுருட்டி என்னை மேலே ஏறி மிதிக்கச் சொல்வாள். அதன்பின் அறைக்குள்ளேயே, நாற்காலி முதுகில் போட்டு, மேலே அப்பாவின் கைலிச் சாரம் ஒன்றையும் போர்த்திவிடுவாள்.

நாங்கள் இருந்தது கடைவீட்டின் மாடியில் ஓர் அறை. தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். மாடியில் குடியிருந்தவர்கள் எல்லோரும் துணிகளை மூங்கில் கழியில் கோத்து, ஜன்னலுக்கு வெளியே தெருவுக்குமேல் நீட்டிக் காயப்போடுவோம். யார் வீட்டில் என்ன சேலை, யார் பாவாடையில் எத்தனை ஒட்டு என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பட்டை மட்டும் கழிக்குப் போனதே இல்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் மழை விடாமல் கொட்டியது. அறைக்குள் போட்ட பட்டை இரண்டு வாரமாகக் காயவே இல்லை. திங்கட்கிழமை காலையில் அப்பா அதை ஈரத்தோடு கட்டிக்கொண்டு போவார். புழுங்கிய நாற்றம் அடிக்கும். இடுப்பைச் சுற்றிச் சிவந்து, தடித்து, பிறகு தோல் வழன்று புண்ணாகிவிட்டது. சாயங்காலம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பட்டையைப் பிரிக்கும்போது கர்ர் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் அவர் தொண்டையிலிருந்து வரும். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

இதற்கு நடுவில், நிறைமாதமாக இருந்த அம்மா வலியெடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி பிறந்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பா அவர்களைப் பார்க்கக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குத்தானே, பெட்டி தூக்கவேண்டியதில்லையே என்று பட்டையைக் கழற்றி வைத்தார்.

“இந்த வாரம் அதத் துவைக்க வேணாம்மா. அம்மா வரட்டும். நீ கதவச் சாத்திக்கிட்டு இரு.”

அவர் படியிறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் வெயில் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த வெயில், ஜன்னல் கட்டையைத் தொட்டால் சுட்டது. நான் பட்டையைப் பார்த்தேன். அதன் உள்பக்கத்தில் அப்பாவின் புண்ணிலிருந்து கசிந்தது மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதற்குமேல் எனக்கு எந்த யோசனையும் தேவைப்படவில்லை.

அம்மா செய்வது ஒன்றுவிடாமல் செய்தேன். தகடுகளை உருவினேன், ஊக்கால் நிமிண்டினேன், ஒட்டிவிட்டுத் துவைத்தேன், துண்டில் சுருட்டி மிதித்தேன். இதில் யாரும் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு அதைக் கழியில் கோத்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்பது எனக்கு நினைவிருந்தது. அதற்குத்தான் பட்டையின்மேல் அப்பாவின் சாரத்தைப் போட்டேன். ஈரப் பட்டையோடு கழி கனத்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைச் சீன ஆன்ட்டி வந்து ஒரு கை கொடுத்தார்.

“பண்டாய்லா, நீ!” என்று கெட்டிக்காரி என்பதை மலாயில் சொல்லி என் கன்னத்தைத் தட்டினார்.

கெட்டிக்காரி அதோடு நின்றிருக்கலாம். சிறிது நேரம் கழித்து எட்டித் தொட்டுப் பார்த்தேன். சாரம் காய்ந்திருந்தது, அதற்கு அடியில் பட்டை அப்படியே சொதசொதவென்று இருந்தது. போர்த்தி வைத்தால் எப்படிக் காயும்? நாளைக் காலையில் அப்பா மறுபடியும் ஈரத்தைக் கட்டிக்கொண்டு போவாரே! சாரத்தை உருவி எடுத்துவிட்டேன். யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் நடப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். தலையில் தண்ணீர் சொட்டினால் பார்ப்பார்கள். பட்டையோ தடித்த பஞ்சு வைத்துத் தைத்தது. மற்றத் துணிகளெல்லாம் சொட்டி முடித்த பிறகும் அது சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குமேல் யாரோ கீழேயிருந்து “பாப்பா!” என்று கூப்பிட்டார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மண்டோர் மாமா. கிடங்கில் அப்பாவுக்கு மேலே இருந்து ஆட்களை வேலைவாங்குகிற மேஸ்திரி அவர். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் மாமாதான். எதிர்க் காப்பிக்கடைக்கு ஞாயிறுதோறும் வருவார். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது. துடைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே ஓடினேன்.

“அது என்னம்மா, மேல தொங்குது?”

“அம்மாவோடது மாமா.”

“அம்மாதான் ஆஸ்பத்திரில இருக்காங்களே?”

“அதான் நான் துவைச்சு வைக்கறேன். வந்தா போட்டுக்குவாங்க.”

எவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாமா மறுபடியும் மேலே பார்த்தார். அந்த அகலத்துக்கு அம்மாவைப்போல் இரண்டு பேரைச் சுற்றலாம்.

“அப்பா இடுப்பு எப்படிம்மா இருக்கு இப்ப?”

“நல்லா இருக்கே! அப்பா பெரிய பெரிய பெட்டியெல்லாம் தூக்குவாங்க.”

மாமா என் தலையைத் தடவினார். முனையில் நின்ற தள்ளுவண்டிக்கு அழைத்துப்போய், சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார். தான் காப்பி குடிக்காமலேயே திரும்பிப் போய்விட்டார். நான் உருண்டையை உறிஞ்சிக்கொண்டே படியேறினேன். அவ்வளவு இனிப்பான ஐஸ் உருண்டையை நான் அதற்குமுன் தின்றதில்லை.

மாமா கெட்டவர் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். தம் ஆட்களில் பாதிப் பேரை எழுதிக் கொடு என்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். யாரை எழுத என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர்மேல் ஒரு காரணம் சொட்டிவிட்டது.

சாயங்காலம் அப்பா வந்தார். தம்பி கறுப்பா சிவப்பா என்றுகூட நான் கேட்கவில்லை. பட்டையை எடுத்து நீட்டினேன். மொறுமொறுவென்று காய்ந்து, வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது. தகடுகளைக்கூட வரிசையாகச் செருகியிருந்தேன். அப்பா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

“எப்படிம்மா இப்படிக் காஞ்சுது?”

“கழியில போட்டேன்ப்பா. மண்டோர் மாமாகூட அது யாரோடதுன்னு கேட்டாங்க. நான் சொல்லவே இல்லயே! அம்மாவோடதுன்னுட்டேன். ஐஸ் உருண்டை வாங்கித் தந்தாங்க.”

அப்பா பட்டையைக் கன்னத்திலிருந்து எடுத்தார்.

“எவ்வளவு நேரம் தொங்குச்சு?”

“மத்தியானம் பூரா.”

வெயிலில் பட்டை கெட்டுப்போயிருக்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட நானே ஒட்டி, கர்ரென்று பிரித்துக் காட்டினேன். இரண்டு தடவை. அப்பா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “நல்லாத்தான் துவைச்சிருக்கே” என்றார்.

அந்த வாரமே அப்பாவை டாக்டரிடம் சோதனைக்கு அனுப்பினார்கள். சட்டை, பனியன், பட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து நிமிரச் சொன்னார்களாம். அப்பா குனிந்தார். நிமிர்த்திவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அம்மா தம்பியோடு வீடு திரும்பிய அன்று அப்பாவும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அம்மா பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தார். வலித்திருக்கும், முகம் கோணியது.

“விடு. எம்புண்ணு ஆறணும்னுதான் அது செஞ்சுது. புள்ள மேல கைய வைக்காத.”

அம்மா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதாள். பிள்ளை பெற்றவர்கள் அழுவார்கள் என்று சீன ஆன்ட்டி சொல்லியிருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் அப்பா வீட்டில் இருந்தார்.

அடுத்த ஞாயிறும் நல்ல வெயில். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா பட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இத எப்படித் துவைக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடும்மா.”

நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஊக்கால் நிமிண்டினார், ஒட்டிவிட்டுத் தண்ணீரில் போட்டார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து துண்டை மிதித்தார். பிறகு பட்டையைக் கழியின் நுனியில், தெருவின் நடுவுக்கே போய்த் தொங்கும்படி கோத்தார். சாரம் போர்த்தவில்லை. சீன ஆன்ட்டி வந்து கழியை நீட்ட உதவினார். இந்தத் தடவை யாரையும் பண்டாய் என்று சொல்லவில்லை.

“நான் செஞ்சது சரிதானேப்பா? வெயில்ல போட்டாத்தானே நல்லாக் காயும்?”

“ஆமாம்மா” என்றார் அப்பா. “இனிமே வெயில்லயே காயட்டும்.”

“இனிமே எல்லார்கிட்டயும் சொல்லலாமாப்பா?”

“சொல்லலாம்.”

அவ்வளவு நாள் வயிற்றுக்குள் வைத்திருந்த ரகசியம். படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து கழிக்கு நேர் கீழே நிறுத்தினேன். எங்கள் தலையில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“அது எங்கப்பாவோடது!” என்று மேலே கையைக் காட்டிக் கத்தினேன். “எங்கப்பாவோடது!”

அப்பா ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்தார். நான் கையாட்டியதும் அவரும் கையாட்டினார்.