வெயிலில் ஒரு ஜீன்ஸ் சோதனை

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடை. வியர்வையில் என் ஜீன்ஸ் தொடையோடு ஒட்டிக்கொண்டு நடக்க விடவில்லை. கோடைக்குத் தோதாக மெல்லிய ஜீன்ஸ் கேட்கிறேன். கைலி கட்டிய கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தருகிறார்.

"போட்டுக்கிட்டு வாசல்ல வெயில்ல நின்னு பாருங்க சார். எங்க வூட்டுல பீங்கான் பொம்மை செய்யுறாங்க. காயவெச்சு விரிசல் வுடலன்னாதான் சூளைக்குப் போவும். ஜீன்ஸுக்கும் அதே டெஸ்ட்டுதான்."

வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் புது ஜீன்ஸில், விலைச்சீட்டு தொங்க நிற்கிறார்கள். நானும் போய் நிற்கிறேன். சற்று நேரத்தில் முழங்காலுக்குப் பின்னால் வியர்வை வழிகிறது.

"இது வேணாங்க" என்கிறேன்.

"அப்ப கழட்டிக் குடுத்துடுங்க."

ஜீன்ஸ் இடுப்பை விட்டு இறங்க மறுக்கிறது.

பக்கத்தில் நிற்பவர் மெல்லச் சொல்கிறார்: "ஈரம் காஞ்சாதான் கழலும் சார். நாங்களும் அதுக்குத்தான் நிக்கிறோம்."