இரண்டு மீற்றரும் ஒரு சாம்பிராணியும்

பழனியம்மா பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபது வருடம். கொள்ளுப்பிட்டி அலுவலகமொன்றில் தரை துடைக்கிறாள். ஒரே மகள் நிஷாந்தினிக்குப் பன்னிரண்டு வயது; ஆறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. வீட்டுக்கு எதிரே சீமெந்துக் கிடங்கு. லொறி வந்தால் சோற்றுத் தட்டிலும் தூசி படியும்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் சோப்புப் பெட்டி அளவில் ஒரு தூசி மீற்றரை ஜன்னலில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வருடம், காலையும் மாலையும் அது காட்டிய எண்ணைப் பழனியம்மா கொப்பியில் எழுதினாள். காய்ச்சலிலும் எழுதினாள். அந்தக் கொப்பியை நம்பித்தான் சட்டத்தரணி கதிர்காமநாதன் கிடங்கை மூடச்சொல்லிப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

சோப்புப் பெட்டியை எப்படி நம்புவது என்றது எதிர்த்தரப்பு. நியாயமான கேள்விதான், அதுதான் எரிச்சல். ஜன்னலில் இருந்த சின்னதையும் பெரிய கருவி ஒன்றையும் பதினான்கு நாள் வீட்டு மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். இரண்டும் ஒத்துப்போனால் கொப்பி செல்லும், இல்லாவிட்டால் குப்பை.

பதின்மூன்று நாள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பழனியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் பட்டுவிடக்கூடாதே என்று இரண்டு மெஷினுக்கும் பொட்டு வைத்து, மகளின் இழுப்புக்காக ஆறு வருடமாகத் தொடாத சாம்பிராணியைக் காட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது. பெரியது வடிகட்டியில் படியும் தூசியை ஆறுதலாக, நாள் முழுக்கச் சேர்த்து அளப்பது. அது கொஞ்சம்தான் ஏறியது. வெளிச்சத்தை மறிப்பதையெல்லாம் தூசியென்று எண்ணும் சின்னது எண்ணூறுக்குத் தாவியது.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நின்றவளிடம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையில சாம்பிராணி போடுறது உங்கட ஆக்களின்ர வழக்கம்தானே அம்மா?"

"ஆமாங்கய்யா. ஆனா நான் புள்ளைக்காக நிப்பாட்டிட்டேங்க, அன்னைக்கு மட்டுந்தான்..."

"ஆம் எண்டதே போதும், இருங்கோ."

'ஆனா'வுக்குப் பிறகு வந்ததை யாரும் எழுதவில்லை. பதின்மூன்று நாளையும் யாரும் பார்க்கவில்லை. கொப்பியில் இருந்ததெல்லாம் சாம்பிராணிப் புகைதான் என்றாகி, வழக்குத் தள்ளுபடி. "ஒரு நாள் சும்மா இருந்திருக்கலாமே பழனியம்மா!" என்று கதிர்காமநாதன் வாசலில் வைத்தே கத்தினார். வழக்கில் தோற்ற கோபத்தை அவர் வேறு யாரிடம் காட்டுவார்?

தீர்ப்பு சிங்களத்தில் இருந்தது. பழனியம்மாவுக்குச் சிங்களம் பேசத்தான் வரும், வாசிக்க வராது. பள்ளியில் சிங்களம் படிக்கும் மகளை வாசித்துச் சொல்லச் சொன்னாள். நிஷாந்தினி விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள். எதிரே லொறியொன்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது.

"என்னா புள்ள போட்டிருக்கு?"

பிள்ளை மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"ஒன் சாம்பிராணியாலயும் எனக்கு இழுப்பு வந்திருக்கலாமாம், அம்மா."