டீக்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் அம்மா ஜெர்மன் மொழியைப் படித்தது தொலைக்காட்சியில். அதுவும் செய்தி பார்த்தல்ல. மத்தியானங்களில் குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்தும் நிகழ்ச்சி ஒன்று போகும். பெயின்ட் தெறித்த காற்சட்டை போட்ட ஒரு பெண், யாருடையதோ மங்கிப்போன அறைக்குள் நுழைந்து, அதை வேறு அறையாக்கிவிட்டுப் போவார். முதியோர் இல்லச் சலவைக்கூடத்தில் காலை வேலையை முடித்து வரும் அம்மா, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். வைத்தியரிடம் வயிற்றுவலியைச் சொல்லத் தடுமாறுகிற அம்மாவுக்கு, சுவரில் ஆணி முறுக்குமுன் செருகும் டூபலில் எத்தனை வகை என்று தெரியும். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்போது, 2010 அளவில், நான் முதலாம் வகுப்பு. சுவிஸில் ஆரா நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஊர்ச்சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கதைப்பார்கள் என்று கடிதம் வந்தது. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. சரிவருமுன் வாய்விட்டால் நாவூறு பட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். அதிலும் நான் ஓட்டைவாய். ஆகவே எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: “வீடு பாக்க ரெண்டு பேர் வருகினம், பிள்ளை. வடிவா இருக்கவேணும்.”

வீடு பார்க்க யார் வருவார்கள்? எனக்குத் தெரிந்து அந்த நிகழ்ச்சிக்காரர்தான். நான் பள்ளிக்கூடத்தில் போய் எங்கள் வீடு ரீவியில் அழகான வீட்டுக்கான போட்டிக்குப் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஓல்டனில் இருந்த சித்தப்பா, ஏற்கெனவே குடியுரிமை எடுத்தவர், புத்தி சொல்ல வந்தார். எங்கட சாமான் ஒன்றும் கண்ணில் படக்கூடாது, வீடு அவையின்ரை வீடு மாதிரி இருக்கவேணும் என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவையின்ரை வீடு எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. அம்மா அதுவரை ஒரு சுவிஸ்காரர் வீட்டுக்குள்ளும் போனதில்லை. பதினொரு வருடமாகப் படியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த கீழ்வீட்டாரும் கதவைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்குத் தெரிந்த வெள்ளைக்காரர் வீடெல்லாம் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தவைதான்.

அந்தக் கிழமை பார்த்துப் பெயின்ட் காற்சட்டைப் பெண் ஒரு வரவேற்பறையைத் தென்கடல் தீவாக மாற்றினார். சுவரெல்லாம் பாய், மூலையெல்லாம் மூங்கில், சிரட்டைக்குள் விளக்கு, நடுவில் பொலினீசியத் தீவுகளின் டீக்கி என்ற மரமுகம். வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். அவைக்குப் பிடிச்சது இதுதான் என்று முடிவாகிவிட்டது.

அடுத்த இரண்டு கிழமையும் எங்கள் ஹோலில் அம்மாவின் ராச்சியம். நாட்காட்டி முருகனும் வெள்ளிக் குத்துவிளக்கும் படுக்கையறைக்குப் போயின. தோட்டச் சாமான் கடையிலிருந்து மூங்கில் வந்தது. பாய் மட்டும் எங்கும் கிடைக்காமல், கடைசியில் சூரிச் தமிழ்க்கடைக்குப் போய் அப்பா நாலு ஓலைப்பாய் சுமந்துகொண்டு ரயிலில் வந்தார். ஹோட்டல் சமையலறையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வந்த மனிதர்.

“எங்கட சாமானை ஒளிக்கச் சொன்னா, நீர் ஓலைப்பாயைச் சுவரிலை ஒட்டுறீர்” என்றார்.

“ரீவியிலை காட்டினதுக்குப் பிறகு அது அவையின்ரை சாமான்” என்றார் அம்மா, வாயில் பென்சிலைக் கடித்தபடி.

டீக்கி பழைய சாமான் விற்கும் புரோக்கியில் அகப்பட்டது. முழித்த கண், நீட்டிய நாக்கு, என் உயரத்தில் பாதி. அம்மா அதைக் கழுவித் துடைத்து மூங்கிலுக்கு நடுவே நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். ஏதோ குறைந்தது போல முகம் போனது. உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, அதன் நெற்றியில் அளவாக ஒரு பொட்டு வைத்தார். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சொன்ன நாளில் வந்தவர்களில் ஒருவர் கோப்பு வைத்திருந்த நெட்டை மனிதர், மற்றவர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தென்கடல். அப்பாவின் நெற்றி வியர்த்தது. கேட்பார்கள் என்று சுவிஸ் அரசின் ஏழு அமைச்சர்களின் பெயரையும் அப்பாவும் அம்மாவும் இரவுபகலாகப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அவற்றை விட்டுவிட்டு டீக்கிக்கு முன்னால் குனிந்தார். இது உங்கள் கடவுளா என்று கேட்டார்.

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, ஜெர்மனில் பதில் சொன்னார். எங்களுடையதல்ல. யாரோ கும்பிட்டது போலத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்துவிட்டது, வெறும் நெற்றியோடு விட மனம் வரவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. நடுவர்கள் பாயைக் கவனிக்காமல் போய்விடுவார்களோ என்று பயம். எல்லாம் அம்மா தனியாகச் செய்தது, அப்பா தூக்க மட்டும்தான் செய்தார் என்று சுவிஸ் ஜெர்மனில் கத்திச் சொன்னேன்.

நெட்டை மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்து, வாடகை வீடாயிற்றே, சுவர் பழுதாகாதா என்றார். அவ்வளவுதான், அம்மாவின் வாய் திறந்தது. பாய்க்கு ஆணி அடிக்கவில்லை, உரித்தால் தடம் விடாத பசைநாடா. மூங்கிலுக்கு மட்டும் நாலு துளை, எட்டு மில்லிமீற்றர் டூபல், போகும்போது அடைத்துப் பூசிக் கொடுக்கலாம். வீட்டுப் பராமரிப்பாளரிடம் முதலே கேட்டாயிற்று. ட்ரில் மெசின் பிடித்தது சனிக்கிழமை காலையில். ஊர்ச்சட்டப்படி சத்தம் கூடாத மத்தியான ஓய்வுநேரத்தில் அதைத் தொடவில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பா அம்மாவைப் புதிதாய் வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் நெட்டை மனிதர் கோப்பில் ஏதோ எழுதினார். பிறகு அம்மா பொரித்த றோல்ஸ் இரண்டிரண்டு சாப்பிட்டார்கள். போகும்போது அந்தப் பெண், எந்தக் கடையில் அந்த நாடா வாங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நாங்கள்தான் முதலிடம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாதங்கள் கழித்து ஊர்ச்சபையின் கடிதம் வந்தபோது அப்பா அதை இரண்டுதரம் வாசித்தார். “போட்டியிலை வெண்டிட்டமோ?” என்று கேட்டேன். “ஓம் பிள்ளை, வெண்டிட்டம்” என்றார். நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன். பிறகு ஆராவில் ஓர் அலுவலகத்தில் என்னைக் கமராவுக்கு முன்னால் இருத்தினார்கள். ஒருவழியாக ரீவிக்காரர் வந்துவிட்டார்கள் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். சிரிக்கக்கூடாது என்றார்கள். மத்தியானங்களில் அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து எங்கள் வீடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். வரவில்லை.

வந்தது தபாலில் ஒரு பரிசு. கிண்ணமில்லை, பதக்கமில்லை. சுவிஸ் கொடி போட்ட மூன்று சின்னச் சிவப்புப் புத்தகங்கள். என்னுடையதைப் புரட்டினேன், சிரிக்காத என் படம் ஒன்று, மிச்சமெல்லாம் எழுதாத பக்கங்கள். இரண்டு கிழமை முழங்காலில் நின்று பாய் ஒட்டிய என் அம்மாவுக்கு இதுவா என்று ஆத்திரம் வந்தது.

அம்மா தன் புத்தகத்தை டீக்கியின் காலடியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பரிசு இத்தனை சின்னதாகிவிட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்த் தோளைத் தடவி, “அழாதேங்கோ அம்மா, அடுத்தமுறை பெரிசாத் தருவினம்” என்றேன்.