திமிங்கிலம் ஏறிய வண்டி

என் கணவரின் அக்காவை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஹார்ன் அக்கா’ என்றால்தான் தெரியும். பிக்கப் வண்டி வாங்கிய புதிதில் அதன் ஹார்ன் பழுதாகிவிட்டது. சரிசெய்ய நேரமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஏய், ஓரம் போ!” என்று கத்திக் கத்தியே பல மாதம் ஓட்டினார். ஹார்ன் சரியான பிறகும் கத்துகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்கு அவர் அண்ணி.

முதலில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் டிரைவர் வரவில்லை. “சாவியக் குடுங்க, நானே இறக்கிட்டு வந்துடறேன்” என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு நாற்காலியில் உட்காரவே இல்லை. பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அவர் கணவரை நான் அண்ணன் என்பேன்; வீட்டிலேயே வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவர். ஊரிலுள்ள பாதி வண்டிகள் அவர் தைத்த உறையோடு ஓடுகின்றன. ஆனால் அவருக்கு எந்த வண்டியில் ஏறினாலும் குமட்டிக்கொண்டு வரும். “எங்க வீட்ல ஒருத்தர் வண்டிய ஓட்டுவோம், ஒருத்தர் வண்டியப் பாத்து ஓடுவோம்” என்பார் அண்ணி.

எனக்கு வேலை இல்லாத சமயத்தில், “சும்மா சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்காத, வா” என்று என்னையும் கூட ஏற்றிக்கொண்டார். அப்படித்தான் அந்த வேலை வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

கூப்பிட்டவர் கடல் உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற கல்லூரியில் எலும்புகளை ஆராயும் ஒரு அம்மாள். சில வருடங்களுக்கு முன் கரை ஒதுங்கி இறந்துபோன திமிங்கிலம் ஒன்றைக் கடற்கரையிலேயே புதைத்திருந்தார்கள். சதையெல்லாம் மண்ணுக்குள் கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சட்டும் என்று காத்திருந்து, இப்போது தோண்டப் போகிறார்கள். நாற்றத்துக்குப் பயந்து மற்ற வண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

“நான் வர்றேன் மேடம். மீன் கழிவே ஏத்தியிருக்கேன்” என்றார் அண்ணி.

அந்த அம்மாள் வண்டியைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். பின்தொட்டிக்குள் ஏறி நின்று தரையைப் பார்த்தார். செங்கல்லும் குழாயும் உரசி உரசிப் பெயின்ட் போய், தகரம் துருப்பிடித்துக் கிடந்தது. பக்கச் சுவர்களின் மேல்விளிம்பு இன்னும் மோசம். சாமான் இழுத்து இழுத்து ரம்பம் மாதிரி ஆகியிருந்தது.

“துரு பட்டா எலும்புல கறை ஏறிடும்மா. அப்புறம் என்ன பண்ணாலும் போகாது. அதோட இந்த எலும்புல எண்ணெய் ஊறிக்கிட்டே இருக்கும். வெறும் தகரத்துல வச்சீங்கன்னா சோப்பு மாதிரி வழுக்கும்.”

“எவ்ளோ நாளாச்சு மேடம் அது செத்து?”

“வருஷமாச்சு. இன்னும் வருஷக்கணக்கா எண்ணெய் விடும்.”

அண்ணி வாயைப் பிளந்தார். செத்து இத்தனை வருடம் கழித்தும் உள்ளே எண்ணெய் வைத்திருக்கிற எலும்பு எப்பேர்ப்பட்டதாக இருக்கும் என்று அன்று முழுக்க அதே பேச்சு. இரவுச் சாப்பாட்டின்போது, தொட்டிக்கு ஏதாவது பூச்சு போட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

அண்ணன் உடனே டேப்பை எடுத்தார். “நான் தடிமனா ரெக்சின்ல ஒரு உறை தச்சுத் தரேன். உள்ள பஞ்சு வச்சு.”

“நீங்க தச்சா அழகாத்தான் இருக்கும். எண்ணெய குடிச்சுட்டு நாறும். அப்புறம் என்னையும் சேத்துத் துவைக்கணும்.”

“அப்ப வேண்டாம்” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார் அண்ணன்.

அடுத்து பிளாஸ்டிக் தட்டு. தொட்டிக்கு அளவாக வார்த்து, அப்படியே தூக்கி உள்ளே வைப்பது. காய்கறி ஏற்றுகிற ஒருவரின் வண்டியில் அது இருந்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அண்ணி சும்மா விடுவாரா? “அண்ணே, ஒரு நிமிஷம் தூக்கிப் பாத்துக்கவா?” என்று கேட்டு, நாங்கள் இருவரும் அந்த வண்டிக்காரருமாக நெம்பித் தூக்கினோம். அடியில் மண்ணும் தேங்கிய தண்ணீரும். தகரம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. வண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“மேல சட்டை ஜோரு, உள்ள பனியன் பூரா கிழிசல்” என்றார் அண்ணி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லவேளை இப்பவாவது தெரிஞ்சுதுல்ல” என்று சமாதானம் சொன்னார்.

மிச்சம் இருந்தது ஸ்ப்ரே. தொட்டியின் மேலேயே பீய்ச்சி அடித்து, தகரத்தோடு தோலாக ஒட்டவைக்கிற பூச்சு. அதைச் செய்கிற பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. பட்டறைக்காரர் பருமனான மனிதர், அதிகம் பேசாதவர். பூச்சு அடித்த தகரத் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு, சுத்தியலை அண்ணியின் கையில் கொடுத்தார். அண்ணி தன் பலத்தை எல்லாம் சேர்த்து அடித்தார். தகரம் வளைந்தது. பூச்சு அப்படியே இருந்தது. இன்னும் நாலு போடு போட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, “ஏய், இது செத்தாலும் விடாது போல” என்றார்.

விளிம்புக்கு இரண்டு வழி உண்டு என்றார் பட்டறைக்காரர். தனியாக மூடி வாங்கித் திருகு போட்டு மாட்டலாம். அல்லது பூச்சையே விளிம்புக்கு மேலே ஏற்றி அடிக்கலாம்.

“திருகு போட்டா ஓட்டை. ஓட்டை போட்டா தண்ணி. திரும்பத் துருதானே?” என்று கேட்டார் அண்ணி.

“ஆமா. ஆனா மூடி அடிபட்டா கழட்டி வேற மாட்டிக்கலாம். பூச்சு அப்படி இல்ல, வண்டியோடதான் இருக்கும்.”

“இருக்கட்டும். பின்கதவு மேல்விளிம்புக்கும் சேத்து அடிங்க. எல்லாச் சாமானும் அது மேல இழுத்துத்தான் இறக்குறோம்.”

சொரசொரப்பு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் சிக்கல். சொரசொரப்பு கூடினால் சாமான் வழுக்காது, ஆனால் உரசும். அண்ணி எலும்பம்மாவுக்குப் போன் போட்டார். (அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நேரில் மேடம்தான்.) அவர் அடுத்த நாளே பட்டறைக்கு வந்தார். கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு திமிங்கில எலும்புத் துண்டை எடுத்து, ஒவ்வொரு மாதிரித் தகட்டிலும் தேய்த்தார். மிகச் சொரசொரப்பான தகட்டில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. வழவழப்பாக இருந்ததில் ஒன்றும் உதிரவில்லை.

“தரைக்கு இந்தச் சொரசொரப்பு. அது மேல நான் மணல் மூட்டை போட்டுக்கறேன். மூட்டை நகராது. விளிம்புக்கு அந்த வழவழப்பு” என்றார். பட்டறைக்காரர் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

“இது என்ன எலும்புங்க?”

எலும்பம்மா சொன்னார். பட்டறைக்காரர் அந்தத் துண்டை வாங்கி, முகர்ந்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பூச்சு அடிக்கிற அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். தொட்டியைத் தேய்த்துத் துரு முழுவதையும் எடுத்து, துடைத்து, மற்ற இடங்களைக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள். பட்டறைக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு பூச்சு அடிக்கும் துப்பாக்கியைத் தூக்கினார். இரண்டு பீப்பாய்களிலிருந்து சூடாக வருகிற இரண்டு திரவங்கள் அதன் முனையில்தான் ஒன்று சேருமாம். புகை மாதிரி கிளம்பியது. தகரத்தில் பட்ட கணமே கெட்டியானது. தண்ணீராகக் கிளம்பியது தோலாக விழுவதை நான் அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. அந்தப் பெரிய உடம்பு துணி மடிக்கிறவரைப் போல மெதுவாக, நிற்காமல் நகர்ந்தது. கை ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடத்தில் திட்டாகிவிடும் என்று உதவிக்கு இருந்தவர் சொன்னார். ஒரு திட்டுகூட விழவில்லை. அண்ணி மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். பட்டறைக்காரர் முகமூடியைக் கழற்றினார், வண்டியைச் சுற்றி வந்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பின்கதவின் மேல்விளிம்புக்கு மட்டும் இன்னொரு தடவை அடித்தார்.

“இதுக்குத் தனியா...” என்று அண்ணி ஆரம்பித்ததும் கையை ஆட்டித் தடுத்தார். “அதத் தூக்கிட்டுப் போறதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்” என்றார்.

பூச்சு நன்றாக இறுகிய பிறகு, ஒரு காலையில் கடற்கரைக்குப் போனோம். மணல் விலக விலக முதுகெலும்புகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு முக்காலி அளவு. நாற்றம் தாங்க முடியவில்லை, ஆனால் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. துடுப்பின் எலும்பை எலும்பம்மா துணியில் பரப்பினார். அது துடுப்பாக இல்லை. கையாக இருந்தது. மணிக்கட்டு, விரல்கள், விரல்களின் கணுக்கள். நான் என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

“தண்ணிக்குள்ள இவ்ளோ பெரிய கைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுச்சு?” என்றார் அண்ணி, மெல்லிய குரலில்.

“திரும்பறதுக்கு” என்றார் எலும்பம்மா.

கடைசியாகத் தாடை. ஒரே எலும்பு, வில் மாதிரி வளைந்து. எல்லாருமாகச் சேர்ந்து தூக்கினோம். ஒரு முனையைத் தொட்டியின் முன்மூலையில் மூட்டைகளுக்கு நடுவே இறக்கி, வளைவைப் பின்கதவின் விளிம்பில் சாய்த்தோம். மறுமுனை வண்டிக்கு வெளியே நீண்டு நின்றது. அதில் சிவப்புத் துணி கட்டினார்கள்.

அண்ணி அன்றைக்குப் போல நிதானமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. மேட்டு வளைவில் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே ஏறியது. அண்ணி பிரேக் போட்டார். என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. வண்டியை ஓரம்கட்டிவிட்டு இரண்டு பேரும் இறங்கிப் பின்னால் ஓடினோம். மூட்டைகள் வைத்த இடத்தில் இருந்தன. தாடை ஒரு விரல்கூட நகரவில்லை. அது ஊறவிட்ட எண்ணெய் கறுப்பு விளிம்பின்மேல் மணிமணியாக நின்றது, உள்ளே இறங்கவில்லை. விளிம்பைத் தொட்டிருந்த இடத்தில் எலும்பில் ஒரு கீறலும் இல்லை. அண்ணி அந்த எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, துடைத்துக்கொள்ளாமலே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அதைக் கழுவி, காயவைத்து, கல்லூரி மண்டபத்தில் கோத்துத் தொங்கவிட நெடுநாள் ஆயிற்று. திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தும் அண்ணி போகவில்லை. கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம், அண்ணனையும் நடத்தியே கூட்டிக்கொண்டு நாங்கள் மூவரும் போனோம். மண்டபத்துக் கூரையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை அது நீந்திக்கொண்டிருந்தது. பிரித்துப் பிரித்து நாங்கள் ஏற்றி வந்த ஒன்று முழுசாக இவ்வளவு இருக்கும் என்று எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. அண்ணன் அண்ணாந்து பார்த்தபடி, “இதையா நீ கொண்டு வந்தே?” என்றார்.

அண்ணி தாடைக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தார். போன் அடித்தது. சிமெண்டு மூட்டைக்காரர்.

“வர்றேங்க” என்றார் அண்ணி, மேலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் நேரமாகும்.”