சேலத்து அம்மாளின் கடிதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை நோட்டு வாங்கி, மேலே சிலுவை போட்டு, ஒரு வரி எழுதி, அப்புறம் அந்த நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை பயம். அவர் போன பிறகு வெட்கம். இப்போது ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் மூன்றாவது தேவ இரகசியத்தைத் தாண்ட முடிவதில்லை, மனம் அங்கேயே போய் நின்றுகொள்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு ஊர். தருமபுரி தனி ஜில்லாவாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் பத்துப் பன்னிரண்டு, எல்லாரும் காட்டு வேலை செய்கிறவர்கள். மாமனார் வீட்டில் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் தருமபுரிக்குப் போனால் ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மத்தியானச் சோறு முடிந்ததும் நான் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். என் மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் அக்கா, மூன்று பேரும் விதைக்கடலை உரித்துக்கொண்டே கேட்பார்கள்.

கதை இதுதான். ராஜா செத்துப்போகிறார். அவருடைய இரண்டு மகன்களும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். நாடு இரண்டாகப் பிளந்து, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு கோட்டைக் காவல் தலைவர் மூத்தவன் பக்கம். அவருடைய மகள் மனம் வைத்திருக்கும் குதிரை வீரன் இளையவன் பக்கம்.

"அந்தப் புள்ளைக்கு என்னா கேடு?" என்பார் மாமியார். "அப்பன் கத்தி எடுத்துக்கினு நிக்கறான், இவ குதிரைக்காரனை நெனச்சிக்கினு கோட்ட மேல நிக்கறா. அங்க நின்னா சோறு வெந்துருமா?"

"அய்யோ பாப! பாவம், நிக்கட்டும் வுடுங்கத்தே," என்பார் கன்னடக்கார அக்கா. "உங்களாட்டம் மாமியாருகிட்ட வந்து மாட்டறதுக்கு கோட்ட மேல நிக்கறதே மேலு."

"உரிக்கற கடலையில பாதிய வாயில போட்டுக்கினு பேச்சப் பாரு!"

கதை முடிந்ததும் என் நாத்தனார் சொல்வாள், "அண்ணி, கடுதாசிங்க."

பத்திரிகையில் வாசகர் கடிதம் என்று ஒரு பகுதி உண்டு. அந்தப் பெண் செய்வது சரி, தப்பு என்று ஊர் ஊராக எழுதுவார்கள். அவள் அப்பனுக்குத் துரோகி என்று திருச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் மாமியார், "பாத்தியா, படிச்ச மனுசன் சொல்றான்" என்பார். பரிந்து பேசுகிற கடிதம் வந்தால் நாத்தனார் இரண்டாம் முறை படிக்கச் சொல்வாள். கதையைவிடக் கடிதத்தில் அவளுக்கு என்ன அப்படி ஒரு ஆசை என்று ஒருநாள் கேட்டேன்.

"கதை எழுதறவரு ஒருத்தருங்க அண்ணி. அவரு மனசுக்குத் தோணுனத எழுதுவாரு. இவங்க நம்மளாட்டம் குடும்பத்துல இருக்கறவங்க. இத்தன பேரு பொய்யா சொல்லுவாங்க?"

அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவள். மாமியாருடைய சொந்த அண்ணன் மகனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவளும் அவரையே நினைத்து வளர்ந்தவள். ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்த மறுவருடம் பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறைக்காக மாமனாருக்கும் அவர் மச்சானான அந்த அண்ணனுக்கும் வரப்பிலே சண்டை வந்து மாமனாரின் மண்டை உடைந்துவிட்டது. கேஸ் கோர்ட்டுக்குப் போனது. கோயிலில் அவர்கள் வலப்பக்கம் முழங்கால் போட்டால் நாங்கள் இடப்பக்கம். மாமியார் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் ராஜா மகன்கள் சண்டையைப் படிக்கும்போது எல்லாருக்கும் அந்தக் கிணறுதான் கண்ணில் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கதைப் பெண்ணைத் திட்டினால் அது யாருக்கான திட்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்தார்கள். எங்கள் கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணப் பெண் பங்குச் சாமியாரின் பங்களாவுக்குப் போய் ஜெப மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். அப்போது அவர் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார். பெண் இல்லை என்று சொல்லிவிட்டால் ஓலை கிடையாது.

அந்த வாரம் வியாழக்கிழமை அவளுடைய மாமன் மகன் கன்னடக்கார அக்காவிடம் சொல்லி அனுப்பினார். "சாமியாருகிட்ட அவ ஒரு வார்த்த இல்லன்னு சொல்லட்டும், மிச்சத்த நான் பாத்துக்கறேன், எங்கப்பன் எதுத்தாலும் சரி." அக்கா அதை என் முன்னால்தான் சொன்னார். நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் கதையில் அந்தப் பெண் ஆற்றங்கரைக்கு வந்து, அக்கரையில் எதிரிப் படையைப் பார்த்து நின்று, கடைசியில் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அதற்கான கடிதங்கள் வெள்ளிக்கிழமை வந்த பத்திரிகையில் இருந்தன.

மத்தியானம் மாமியார் காட்டில். நாங்கள் இருவர்தான்.

"இன்னிக்குக் கதை வேணாங்க அண்ணி. கடுதாசி மட்டும் படிங்க. அவ ஆத்துல எறங்கனத என்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்."

நான் முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு கடிதம். அவள் செய்தது தப்பு என்று ஒன்றே ஒன்று. மற்ற ஐந்தும் அவள் பக்கம். அதில் ஒன்று சேலத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியது. நானும் இருபது வயதில் இப்படி நின்று, பயந்து திரும்பி வந்தவள், இப்போது ஐம்பது வயது, திரும்பியது தவறு என்று நினைக்காத நாள் இல்லை, இந்தப் பெண்ணாவது திரும்பாமல் போனாளே என்று அழுதேன், என்று எழுதியிருந்தார்.

என் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் அரிவாளைத் தீட்டிக் கூரை எறவாணத்தில் செருகியிருந்தார். எனக்கு வயிற்றில் ஆறு மாதம். இவள் இல்லை என்று சொன்னால் யார் தலை விழும், யார் ஜெயிலுக்குப் போவார், என் பிள்ளைக்கு அப்பன் இருப்பானா என்று நினைத்தேன். இது உண்மை. இன்னொன்றும் உண்மை, அதையும் எழுதிவிடுகிறேன். என்னை யாரும் கேட்டுக் கட்டிக்கொடுக்கவில்லை. இவளுக்கு மட்டும் ஊர் உலகமே கூடி நல்ல வார்த்தை சொல்கிறதே என்று வயிறு எரிந்தது.

கதையை மாற்ற எனக்குச் சாமர்த்தியம் போதாது. கடிதத்தை மாற்றுவது சுலபமாக இருந்தது. தப்பு என்ற ஒரு கடிதத்தை உள்ளபடி படித்தேன். மற்றதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை திருப்பினேன். குடும்ப மானம் போயிற்று என்று மதுரைக்காரர் சொன்னதாகப் படித்தேன். கடைசியாகச் சேலத்து அம்மாள். "நானும் இருபது வயதில் இப்படி நின்று, நல்லவேளை திரும்பி வந்தவள். இப்போது பேரன் பேத்தியோடு நிம்மதியாக இருக்கிறேன். அன்று போயிருந்தால் இரண்டு வீடும் அழிந்திருக்கும்" என்று படித்தேன். என் குரல் தடங்கவில்லை. அதுதான் இன்றும் எனக்கு ஆச்சரியம்.

"இன்னொருக்கா படிங்க," என்றாள்.

படித்தேன். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவலயா? நல்லாத்தான் இருக்கறாங்களா?"

"நல்லாத்தான் இருக்கறாங்களாம்."

மறுநாள் நான்தான் அவளைச் சாமியார் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மந்திரமெல்லாம் பிசகாமல் ஒப்பித்தாள். "உனக்கு முழுச் சம்மதமாம்மா?" என்று அவர் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்மதங்க சாமி."

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு மாமன் மகன் கோயிலில் இல்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். பிறகு அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டாராம்.

அவள் புருஷன் அடிக்கிறவர் அல்ல, குடிக்கிறவரும் அல்ல. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே நினைவில் இல்லாத மனிதர். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் அடுத்த வேளைச் சோற்றுக்குத்தான் அவள் முகத்தைப் பார்ப்பார். "ஊமைகூட கையக் காட்டிப் பேசும் அண்ணி," என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டும் பெண் குழந்தை பிறந்ததும் அந்தப் பார்வையும் நின்றது.

அவள் கல்யாணம் முடிந்த மூன்றாம் வருடம் மாமனாரும் மச்சானும் ராஜியாகிவிட்டார்கள். கேஸ் நடத்திச் சலித்துவிட்டது, வேறு காரணமே இல்லை. ஆடு அடித்து, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமியார் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். என் நாத்தனார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழம்பு ஊற்றினாள். என்னைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

"கெணத்துல தண்ணி இருக்குதுங்களா அண்ணி?"

"இல்ல. போன கோடையிலயே வத்திப் போச்சி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. முகம் தெரியாத ஐந்து பேர் வாயில் நான் பொய்ச்சாட்சியை வைத்தேன். சாமியார் அபராதமாக ஜெபமாலை சொல்லச் சொல்லிவிட்டு, "அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல்" என்றார். ஜெபமாலையைச் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. வருகிற பாஸ்காவுக்குச் சொல்லலாம், கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு ஆறு வருடம் ஓடிவிட்டது.

அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்து வைத்து, முடிந்ததும் தைத்துப் புத்தகமாக்கிக்கொள்வோம். நானும் தைத்து வைத்திருந்தேன். ஒருதடவை அவள் வந்து திரும்பும்போது, பிள்ளைகள் படிக்கட்டும் என்று மாமியார் அதை எடுத்து அவள் பையில் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. அந்த வாரத்துக் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம்தான் கடிதங்கள் அச்சாகியிருந்தன. பத்திரிகையில் எத்தனையோ பக்கம் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். அதைப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவள் நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஒருநாள் காலையில் நான் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வந்தாள். மொரப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். குழந்தைகளைக் கூட்டி வரவில்லை. அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"சேலத்தம்மா நிம்மதியா இல்லீங்களாமே அண்ணி."

துடுப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

"பாப்பா தப்பாப் படிக்கறான்னு ஓங்கி ஒரு அடி வச்சிட்டேன். அழுதுக்கினே மறுபடியும் அதயேதான் படிச்சா. பக்கத்து வூட்டு டீச்சர்கிட்ட குடுத்துக் கேட்டேன். அவங்களும் அப்படியேதான் படிச்சாங்க."

"உங்க அண்ணன் அருவாள..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்கும் தெரியுங்க. அருவா இருக்குது, போவாதேன்னு சொல்லியிருக்கலாமில்ல? நான் வேணாமுன்னு இருந்திருப்பேன், இல்ல போயிருப்பேன். அது என் பாடு. எங்கேயோ இருக்கற அந்தம்மா முப்பது வருசமா அழுதது எனக்குன்னு வந்துச்சி. அதப் போயி..."

களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவளே வந்து என் கையிலிருந்து துடுப்பை வாங்கிக் கிண்டி, சட்டியை இறக்கி வைத்தாள். நான் காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"எந்திரிங்க. பத்தரை பஸ்ஸுக்குப் போவணும்."

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். அவள் ஆத்துமத்துக்காக வருடா வருடம் பூசை வைக்கிறேன். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஏற்றுக்கொள்வார் என்று நம்பிக்கை இருந்தது.

இதைப் படிக்கிற உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துத் தெரியாத யாருக்காவது இதைப் படித்துக் காட்டுவீர்களானால், இருப்பதை இருக்கிறபடியே படியுங்கள். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்ததும், கடைசியில் அவள் என்னை மன்னித்தாள் என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். தயவு செய்து சேர்க்காதீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை.