கழுவிக்கொண்டு போன கால்

சுதந்திரம் வந்த மறு வருடம், பெரிய வியாழக்கிழமை பிற்பகல். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, திருவனந்தபுரத்தில் எங்கள் கோவிலில் அன்று அச்சன் என்று நாங்கள் அழைக்கும் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களுக்குக் கால் கழுவுவார். அந்த வருடம் பன்னிரண்டில் நானும் ஒருவன்.

ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் சாக்குத் தைப்பவன் நான். நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுவேன். செருப்பறியாத கால், வெடிப்பெல்லாம் கறுப்பு. காலையிலிருந்தே தேங்காய் நாரும் சோப்பும் வைத்துத் தேய்த்தேன். கழுவப்படப் போகிற காலைக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

பக்கத்து நாற்காலி, சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்கும் ஒருவருக்கு. அரிசி வண்டி வந்துவிட்டதால் வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தார். கால் நிறைய கோடை மழைச் சேறு. அவரைப் பார்க்கவென்றே மனைவியும் இரண்டு மகள்களும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. "அண்ணாச்சி, இந்தக் காலையா அச்சன் கையில கொடுக்கப் போறீய? குழாயில கழுவிட்டு வாங்க."

"அதுவும் சரிதாம்" என்று எழுந்து போனார்.

குழாயில் தண்ணீர் இல்லை. அதே சேற்றோடு அவர் திரும்புவதற்குள், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை அந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார்த்திவிட்டார். மூட்டை சுமப்பவர் வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார். சின்ன மகள் எட்டி எட்டி நாற்காலிகளில் அப்பாவைத் தேடினாள்.

நான் கடைசி ஆள். அச்சன் நெருங்கி வந்துகொண்டிருந்தார். எப்படி எழுந்தேனோ, தெரியாது. கோவிலே பார்த்திருக்க, வாசலுக்குப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து என் இடத்தில் உட்கார வைத்தேன்.

அச்சன் ஊற்றிய தண்ணீர் கறுத்து ஓடியது. இன்னொரு செம்பு கேட்டு வாங்கினார். விரலிடுக்குச் சேற்றைக் கையாலேயே வழித்தெடுத்தார். பிறகு துடைத்து, குனிந்து முத்தமிட்டார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க அவரிடம் போனேன். அதற்குள் அவரே என் காலைப் பார்த்துச் சிரித்தார். "நீரு வீட்டிலயே சோலிய முடிச்சிட்டு வந்திட்டீரு ஓய்! பின்ன அச்சனுக்கு இங்க என்ன வேலை?" மகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இயேசு கால் கழுவினார் என்று சிறு வயதிலிருந்து கேட்டவன்தான். அந்தக் கால்களில் அழுக்கு இருந்திருக்கும் என்று அன்றுவரை நினைத்ததே இல்லை. இப்போதும் யாராவது வேலை உடுப்போடு கோவிலுக்குள் வரத் தயங்கி நின்றால், என்னை அறியாமலே நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறேன்.