ஒரே குழாயில் நாற்பது அளவுகள்

என் மனைவி இறந்த ஐந்தாம் மாதத்தில் மகள் எனக்கு ஓர் இரத்தப் பரிசோதனையைப் பரிசளித்தாள். ஒரே குழாய் இரத்தத்தில் நாற்பது நோய்க்குறிகளை ஒன்றாக அளந்து, முடிவைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவார்களாம். முப்பத்தோராண்டுகள் மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தத்தை அளந்தே ஓய்வுபெற்றவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பரிசு கிடையாது.

தொழில்நுட்பத்தின்மீது எனக்குப் பகையில்லை. ஒரு பொருளுக்கு ஒரு குழாய் என்று நாள் முழுதும் அளந்த கைகள் என்னுடையவை. நாற்பதை ஒரே தடவையில் அளப்பதன் அருமை எனக்குத் தெரியும். கேள்வியே இல்லாமல் அளப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. ‘இயல்பு’ என்று நாங்கள் வகுக்கும் எல்லை நலமாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு ஐவரை வெளியே நிறுத்திவிடும். நாற்பதை அளந்தால் ஒன்றிரண்டாவது சிவப்பாக வராமல் இருக்காது. இதை மகளுக்கு இரண்டு முறை விளக்கினேன்.

“உங்கட லெக்சரை நான் கேக்கேல்லை அப்பா. ரத்தம் எடுக்கிற இடம் நியூ லின் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதான். போயிட்டு வாங்கோ.”

போய்வந்தேன். ஒன்றிரண்டு அல்ல, பதினொன்று சிவப்பாக வந்தன.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே மாசி என்ற புறநகரிலிருந்து மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். மருமகன் கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறையில் இருப்பவர். என் இரத்தத்தை மடிக்கணினியில் அட்டவணையாக்கி, நிறமும் தீட்டியிருந்தார்.

“தைராய்டு எகிறிக் கெடக்கு மாமா. நெஞ்சு படபடன்னு அடிக்கணும், கை நடுங்கணும். நீங்க என்னடான்னா ஹாயா உக்காந்து டீ குடிக்கிறீங்க.”

“நான் என்ன செய்ய? மெஷினுக்கும் ஒரு டீ ஊத்தட்டோ?”

மகள் சிரிக்கவில்லை. “பகிடி விடாதேங்கோ. அம்மாவும் இப்பிடித்தான், ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ. ஸ்கான் எடுக்கவேணும். எடுத்து முடியுமட்டும் நீங்கள் எங்களோட வந்து இருக்கவேணும்.”

அவளோடு வாதாடுவதற்காகவே அட்டவணையை என் பக்கம் திருப்பினேன். இதயம், ஈரல், தைரொயிட் என்று உறுப்புவாரியாக அடுக்கியிருந்தார்கள். விற்பவர்களுக்கு அது வசதி. இவற்றை அளக்க முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், பொருள் கூடினால் இயந்திரம் காணும் ஒளியும் கூடும். மற்றதில், பொருள் கூடினால் ஒளி குறையும். எந்த அளவு எந்த முறையில் எடுக்கப்படுகிறது என்பது எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல மருமகன் வரிகளை மாற்றி அடுக்கினார்.

மிகக் குறைவாக வந்தவை எல்லாம் முதல் முறையில் நின்றன. மிக அதிகமாக வந்தவை எல்லாம் இரண்டாம் முறையில் நின்றன. எந்த நோயும் ஆய்வுகூடத்தின் முறைகளைக் கேட்டுக்கொண்டு உடலில் பரவுவதில்லை. இரு முறைகளிலும் பசைபோலப் பயன்படும் பொருள் ஒன்றுதான்: பயோட்டின் என்ற உயிர்ச்சத்து. அது இரத்தத்திலேயே மிகுந்திருந்தால் பசை பிடிக்காது, ஒளி குறையும். முதல் முறை பொருள் குறைவென்றும் இரண்டாம் முறை அதிகமென்றும் பொய் சொல்லும். தலைமுடி வளர்வதற்கு விற்கும் குளிசைகளில் அது மிக அதிகம். ‘இரத்தம் எடுக்குமுன் கேளுங்கள்’ என்று தாதியருக்கு அறிவித்தல் எழுதி ஒட்டியவனே நான்தான்.

இதை விளக்கி முடித்ததும் மகள் கேட்டாள்: “வேற ஏதும் குளிசை போடுறியளோ அப்பா?”

எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து குளிசைப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டியபோது மகள் தாய்க்கு வாங்கிக் கொடுத்தது. மனைவி போன பிறகு காலைத் தேநீரோடு தினமும் ஒன்றை நான் விழுங்கி வந்தேன்.

“வீணாக்கக் கூடாதெண்டுதான்” என்றேன். அறிவியல் படித்தவன் சொல்லத்தக்க காரணம் அல்ல அது.

“மாமா, முடி ஏதாச்சும் வளந்துச்சா?” என்று மருமகன் என் வழுக்கையைப் பார்த்துக் கேட்டார். உடனே மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, காரில் ஏதோ எடுக்கவேண்டும் என்று வெளியே போனார்.

மகள் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவும் இதைப் போட்டுக்கொண்டுதானே ரத்த ரெஸ்டுக்குப் போனவ? அப்ப அவவின்ர முடிவுகளும் பிழையோ? அதாலதான் திரும்ப வந்தது பிந்தித் தெரிஞ்சதோ? நான் வாங்கிக் குடுத்ததாலயோ அப்பா?”

“இல்லை. ஒவ்வொரு ரெஸ்டுக்கும் ஒரு கிழமைக்கு முதலே நான் நிப்பாட்டிப்போடுவன்.”

“எனக்காகச் சொல்லுறியள்.”

ஆதாரமில்லாமல் நான் அவளுக்கு ஒருபோதும் ஆறுதல் சொன்னதில்லை. அவள் சிறுவயதில் அதற்காகவே என்னோடு கோபித்ததுண்டு. இப்போது உண்மையைச் சொன்னால் ஆறுதல் என்கிறாள். வந்த கோபத்தில் அலமாரியைத் திறந்து மனைவியின் பரிசோதனைக் கோப்பினை எடுத்து அவள்முன் போட்டேன்.

மருந்தின் பக்கவிளைவுக்காக ஒவ்வொரு முறையும் தைரொயிட்டையும் சேர்த்தே பார்த்திருந்தார்கள். குளிசை இரத்தத்தில் இருந்திருந்தால் என்னுடையதைப் போல தைரொயிட்டின் இரண்டு அளவுகளும், முறைக்கு ஒன்றாக எடுக்கப்படுவதால், எதிரெதிராக விலகியிருக்கும். ஒரு தாளிலும் விலகவில்லை. புற்றுநோய்க்குறி மட்டும் நோய் திரும்பிய மாதத்தில் ஏறியிருந்தது. மருத்துவரும் முடிவு வந்த கிழமையிலேயே எங்களை அழைத்திருந்தார். எதுவும் மறைக்கப்படவில்லை, எதுவும் பிந்தவுமில்லை.

முதல் தாளே போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு தாளாகக் கடைசிவரை வாசித்தாள். மருமகன் திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

“சரி” என்றாள் கடைசியில். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மாவுக்கு ஒவ்வொருக்காலும் ஞாபகமா நிப்பாட்டின ஆள், உங்களுக்கு மட்டும் ஏன் நிப்பாட்டேல்லை?”

“யோசிக்கேல்லை.”

“இனிக் குடிக்காதேங்கோ. ரெண்டு கிழமையால திரும்ப ரத்தம் குடுக்கவேணும். அதுமட்டும் எங்களோட இருங்கோ.”

மூன்று நாளில் அந்தச் சத்து உடலைவிட்டுப் போய்விடும். அதற்குச் சான்றுகள் உண்டு. அவளுக்கு எடுத்துக் காட்டவும் முடியும். இரண்டு கிழமைக்கு வேண்டிய உடுப்புகளை எடுத்து வைத்தேன்.